அசையாமல் அமர்ந்தவர்கள்

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறி, பிராக்கன்ஹர்ஸ்டில் வண்டி மாறினால் லிமிங்டன் துறை வந்துவிடும். கார், பஸ், சைக்கிள் எல்லாவற்றையும் வயிற்றில் போட்டுக்கொண்டு அங்கிருந்து ஃபெர்ரி கிளம்புகிறது. சுமார் 40 நிமிடப் பயணம். எதிரே தெரிவது வைட் தீவு, இறங்குமிடம் யார்மத்.

இதே யார்மத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு போர்ட்டர், 1874-ல் ஆர்தர் ராஜா ஆனார். நாடக மேடையில் அல்ல, கண்ணாடித் தகடு ஒன்றில். கவசம் மாட்டி அவரைக் கேமரா முன்னால் நிறுத்தினார் ஒரு பெண்மணி. அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு அவர் மூட்டை தூக்குபவர் என்று சத்தியம் செய்தாலும் நம்பிக்கை வராது.

அந்தப் பெண்மணியின் வீடு, யார்மத்திலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத் தொலைவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு மேல் பச்சைப் புல்வெளி ஏறிக்கொண்டே போகிறது. அந்த மேட்டுக்கு டென்னிசன் டவுன் என்று பெயர். கவிஞர் டென்னிசன் தினமும் நடந்த இடம். அடிவாரத்தில் கோபுரம் வைத்த வீடுதான் டிம்போலா. வாசலில் கிட்டாருடன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் சிலை நிற்கிறது. 1970-ல் பக்கத்து மேட்டில் நடந்த இசை விழாவில் அவர் வாசித்தார், சில வாரங்களில் இறந்துபோனார். அந்த நினைவுக்காக வைத்த சிலை. வீட்டுக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் இல்லை. ஆனால் வருகிற இளைஞர்களில் பாதிப் பேர் முதலில் அவரோடுதான் செல்ஃபி எடுக்கிறார்கள்.

டிம்போலா என்ற பெயரைக் கேட்டதும் இலங்கை மலையகத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் ஊர்ப் பெயர் அது. நுவரெலியா மாவட்டத்துத் திம்புள்ள. அங்கே இருந்த கோப்பித் தோட்டத்தின் பெயரைத்தான் இங்கே வீட்டுக்கு வைத்தார்கள்.

கோழிக்கூண்டு ஸ்டூடியோ

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று தோன்றும். அது கணவர் வழி வந்த பெயர், தற்செயல்தான். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பை ஒழிக்கப் பரிந்துரைத்த கோல்புரூக் – கேமரன் குழுவில் இருந்தவர். இலங்கையின் அழகில் மயங்கி, அங்கே நிலங்களும் வாங்கிப் போட்டவர்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருந்தார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள்.

அம்மா கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார். கோழிகள் விடுதலையாகின. அவற்றை யாரும் சாப்பிட்டுவிடவில்லை என்று நம்புவதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்!

அன்றைய படமெடுப்பு ஒரு சமையல் வேலை போன்றது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சரியாமல் ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். கேமரனின் விரல்களும் உடைகளும் எப்போதும் ரசாயனக் கறையோடுதான் இருந்தன.

இதெல்லாம் படமெடுப்பவரின் பாடு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பாடு?

மற்ற ஸ்டூடியோக்களில் வெளிச்சத்தை நிறைய விட்டு, சில நொடிகளில் வேலையை முடிப்பார்கள். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புப் பிடி ஒன்றும் இருக்கும். கேமரனுக்கு அந்தப் பிடி பிடிக்காது. வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து மங்கலாக வர வேண்டும். முகமோ தகடு முழுக்க நிரம்ப வேண்டும். முதலில் 11-க்கு 9 அங்குலத் தகடு, பிறகு 15-க்கு 12 அங்குலம். இத்தனைக்கும் சேர்த்து மாடல் கொடுக்க வேண்டிய விலை மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் அசையாமல் இருப்பது.

போனில் படமெடுக்கும்போது ஒரு நொடி சிரித்து வைப்பதற்கே குழந்தைகள் நெளிகிறார்கள். ஐந்து நிமிடம் கண்ணும் அலையக் கூடாது, முகத்தில் துக்கமோ பக்தியோ குறையவும் கூடாது என்றால்?

துயரத்தில் மூழ்கிய ராணியாகப் போஸ் கொடுத்த ஒரு பெண், பெயரைச் சொல்லாமல் பிற்பாடு தன் அனுபவத்தை எழுதினார். முதல் நிமிடத்தில் கத்திவிடலாம் போல் இருந்ததாம். இரண்டாவதில் கண்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும் போல் இருந்தது. மூன்றாவதில் கழுத்து வெடவெடத்தது. நான்காவதில் அளவு பெரிதான கிரீடம் நெற்றியில் சரியத் தொடங்கியது. ஐந்தாவதில், வயதான சார்லஸ் கேமரன் வழக்கம்போல் வேண்டாத நேரத்தில் சிரிக்க ஆரம்பிக்க, ராணியும் சிரித்துவிட்டார். தகடு வீண்.

குழந்தைகளைத் தேவதைகளாக்க, அன்னப்பறவையின் நிஜ இறக்கைகளைத் தோளில் கட்டிவிடுவார் கேமரன். கனமான இறக்கைகள். அந்தப் படங்களில் குட்டித் தேவதைகளின் முகத்தில் ஒரு சோகம் இருக்கும். அதைத் தெய்வீகச் சோகம் என்று ரசித்தவர்கள் உண்டு. தோள்வலியும் அலுப்பும்தான் அது என்பது, அப்படி நின்ற ஒரு குழந்தை வளர்ந்து தன் நினைவுகளை எழுதியபோது வெளியே வந்தது.

முதன்முதலில் அவர் முன்னால் உட்கார்ந்தவர் ஃப்ரெஷ்வாட்டர் விவசாயி ஒருவர். மணிக்கு அரை கிரவுன் கூலி. அன்று பண்ணையில் வேலை செய்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். பல மணி நேரம், பல அரை கிரவுன்கள் செலவழித்த பிறகு ஒரு படம் தேறியது. சந்தோஷத்தில் தூக்கிப் பிடித்துக் காய வைக்கும்போது, ஈரப் பக்கத்தில் கை பட்டுப் படமே அழிந்துபோனது. விவசாயிக்குக் காசு வந்தது, முகம்தான் மிஞ்சவில்லை.

அடுத்து, 1864 ஜனவரி. ஆனி என்ற சிறுமி. அதற்கு முன்னால் இரண்டு குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைத்து, அதில் ஒன்று சிரித்துக் காரியம் கெட்டிருந்தது. இந்த முறை, நீ அசைந்தால் இந்தப் பாட்டியின் மருந்தெல்லாம் பாழாகிவிடுமே என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி உட்காரவைத்தார். குழந்தை அசையவில்லை. படம் வந்தது. பூரிப்பில் அந்தக் குழந்தைக்குக் கொடுக்க அவர் வீடெல்லாம் பரிசுப்பொருள் தேடி ஓடினார். அந்தப் படத்தை அந்தக் குழந்தையே முழுக்க உருவாக்கியதுபோல் தோன்றியதாக எழுதியும் வைத்திருக்கிறார். படத்தின் அடியில் இப்படிக் குறித்தார்: ஆனி, என் முதல் வெற்றி.

படமெடுத்தவரின் வெற்றிதான் அது. ஆனால் முதலில் எழுதப்பட்டது உட்கார்ந்தவளின் பெயர்.

இரண்டு மேரிகள்

டிம்போலா இப்போது அருங்காட்சியகம். 1990-களின் தொடக்கத்தில் இடிக்க இருந்த வீட்டை ஒரு அறக்கட்டளை மீட்டது. உள்ளே சுவரெங்கும் முகங்கள். சுற்றிப் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரத்தில் ஒரு முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். இங்கே கன்னி மரியாள், அங்கே கிரேக்கக் கவி சாஃபோ, இன்னொரு படத்தில் கல்லறையில் நிற்கும் தேவதை. தடித்த இமைகள், நேரான மூக்கு, அவசரமே இல்லாத முகம். எல்லாம் ஒரே பெண், மேரி ஹில்லியர். அந்த வீட்டுப் பணிப்பெண்.

காலையில் பாத்திரம், துடைப்பம். வெயில் சரியான கோணத்தில் வந்ததும் அம்மா கூப்பிடுவார். கூந்தலை அவிழ்த்துவிட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு மாதாவாக உட்கார வேண்டும். மடியில் இருக்கும் குழந்தை அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. எழுந்ததும் மறுபடி அடுக்களை. ஊர்க்காரர்கள் அவரை ‘மேரி மடோனா’ என்றே கூப்பிட்டார்கள். தன் மாடல்களில் எப்போதும் கைகொடுத்தவர் என்று கேமரனே அவரைப் பற்றி எழுதினார். ஒரு நிலையைச் சொன்னால் அதில் கல்லாகிவிடுவதும், கல்லாக இருந்தும் முகத்தில் உயிர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் எல்லோருக்கும் வராது. இன்றைக்கு அதற்குப் பெயர் நடிப்பு, அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. மேரி ஓவியர் வாட்ஸின் தோட்டக்காரரை மணந்து, அதே ஊரில் வாழ்ந்து, 1936 வரை இருந்தார்.

இன்னொரு மேரியின் கதை சினிமாக் கதை. 1859-ல் லண்டன் புட்னி வெளியில், தாயோடு பிச்சை கேட்டு நின்ற ஐரிஷ் சிறுமி மேரி ரயன். கேமரன் அவளை வீட்டுக்கு அழைத்துவந்து, படிக்க வைத்து, வேலையும் கொடுத்தார். படங்களுக்கும் உட்காரவைத்தார். 1865-ல் லண்டனில் கேமரனின் படக் கண்காட்சி நடந்தது. அங்கே வந்த இளைஞர் ஹென்றி காட்டன் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த பெண் அங்கேயே நிற்பதையும் பார்த்தார். 1867-ல் கல்யாணம். அந்த வருடமே இருவரையும் ரோமியோ ஜூலியட்டாக நிற்கவைத்துப் படமெடுத்தார் கேமரன்.

மாப்பிள்ளை பிறந்த ஊர் எது தெரியுமா? கும்பகோணம்! கோதாவரிக்கு அணை கட்டிய ஆர்தர் காட்டன் வேறு, இவர் வேறு. வங்காளத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, அஸ்ஸாமின் தலைமை ஆணையராகி, இந்தியர்களுக்காகப் பேசி மேலிடத்தைப் பகைத்துக்கொண்டவர். 1904-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். புட்னி வெளியில் கை நீட்டிய சிறுமி, லேடி காட்டன் ஆனார்.

இந்த இரண்டு பெண்களின் பெயரும் அதிர்ஷ்டவசமாகத்தான் தெரிகிறது. கேமரன் படத்துக்குக் கீழே எழுதியது மடோனா, மிராண்டா, ஜூலியட் என்றுதான். ஆண்கள் விஷயத்தில் அப்படி இல்லை. டென்னிசன், டார்வின், கார்லைல், விஞ்ஞானி ஹெர்ஷல் என்று அவரவர் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள். பலரிடம் கையெழுத்தும் வாங்கிவைத்தார், படம் விற்க உதவுமே!

பெரிய மனிதர்கள் என்பதற்காக அவர்களை அவர் விட்டுவிடவில்லை. வெள்ளை முடி ஒளிவட்டம் போல் நிற்க வேண்டும் என்று ஹெர்ஷலைத் தலைக்குக் குளிக்க வைத்தாராம். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவைக் கொண்டுவந்து விட்ட டென்னிசன், இந்த அம்மா சொல்வதையெல்லாம் நீங்கள் செய்துதான் ஆக வேண்டும், மிச்சம் மீதி இருக்கிறதா என்று பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினாராம். 1868 கோடையில் குடும்பத்தோடு இங்கே தங்கிய டார்வினுக்கு, தன்னை எடுத்த படங்களிலேயே கேமரன் எடுத்ததுதான் பிடித்திருந்தது.

1926-ல் இந்தப் படங்கள் ஒரு புத்தகமாக வந்தன. தலைப்பு: புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும். ஆணுக்குப் புகழ், பெண்ணுக்கு அழகு. வெளியிட்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். கேமரனின் தங்கை மகளான ஜூலியா ஜாக்சன்தான் அவருடைய அம்மா. இந்த ஜூலியாவை மட்டும் கேமரன் எந்த வேஷமும் போடாமல், அநேகமாக அவர் பெயரிலேயே, திரும்பத் திரும்ப எடுத்தார். கேமரன் எடுத்த பெண்களின் படங்களில் பார்ப்பவரை நேருக்கு நேராகச் சந்திக்கும் முகம் என்றால் அதுதான்.

களுத்துறைக் கரையில்

1875-ல் கேமரன் குடும்பம் இலங்கைக்குக் கிளம்பியது. கணவருக்கு 80 வயது. மகன்கள் அங்கே இருந்தார்கள், கோப்பித் தோட்டங்களும் இருந்தன. ஆனால் 1869-ல் தொடங்கிய இலைத் துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. பணம் கரைந்த நேரம். அப்படியும் பயணத்துக்குக் கூடவே ஒரு பசுவையும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சவப்பெட்டிகளையும் எடுத்துப்போனார்கள் என்று கதை உண்டு. பெட்டிகள் காலியாகப் போகவில்லை, உள்ளே பீங்கான் பாத்திரங்கள்.

கொழும்பிலிருந்து தெற்கே கடற்கரையோரம் போனால் களுத்துறை. ஆறு கடலில் சேருமிடம். மகன் ஹார்டிஞ் அங்கே அரசுப் பணியில் இருந்தார். 1877-ல் தாவர ஓவியர் மரியான் நார்த் அந்த வீட்டுக்கு வந்தார். கேமரன் அவரையும் விடவில்லை. உச்சி வெயிலில் கம்பளிச் சால்வையைச் சுற்றி, தென்னை மட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்து, இயல்பாக இருக்கும்படி வேறு சொன்னார்! அப்போது வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட். நார்த் இதைச் சிரிப்போடு எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். யாரோ ஒரு மனிதருடைய முதுகின் அழகு கேமரனுக்குப் பிடித்துவிட்டது. உடனே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். அவர்களுக்குத் தோட்டமும் இல்லை, அந்த மனிதருக்குத் தோட்டவேலையும் தெரியாது.

நார்த் யார், அவர் என்ன நினைத்தார் என்பதெல்லாம் தெரிகிறது. முதுகுக்காரர் என்ன நினைத்தார் என்று எழுதிவைக்க ஆள் இல்லை.

வாழ்நாளில் 1,200 அளவுக்குப் படங்கள் எடுத்த கேமரனின் இலங்கைப் படங்களில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் வீட்டு வேலைக்காரர்கள், கிராமத்தார், கூலிக்காரர்கள். பலர் தமிழர்கள் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கடல் தாண்டி, காட்டுவழியில் நடந்தே மலையேறிக் கோப்பி பறிக்க வந்தவர்களின் காலம் அது. துரைசாணி கூப்பிட்டு உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதான். மேரி ஹில்லியரும் வேலைக்காரிதான். ஆனால் அவரும் எஜமானியும் ஒரே மொழி பேசினார்கள், வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அசையாதே என்பதைக் களுத்துறையில் எந்த மொழியில் சொல்லியிருப்பார் கேமரன்? சைகையில்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே இறக்கை இல்லை, கிரீடம் இல்லை, மாதா வேஷம் இல்லை. அவரவர் உடையில், அவரவர் முகத்தோடு இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வேஷம் போட்ட பெண்களின் முகத்தில் கேமரன் தேடிய கம்பீரம், இங்கே யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கேமரன் 1879 ஜனவரி 26-ல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்ட பங்களாவில் இறந்தார். ஹட்டனில் ரயிலை விட்டிறங்கி நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை போகும் பஸ் இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகத்தான் வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், இருபுறமும் தேயிலை, நடுநடுவே லயன் வீடுகள், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மாரியம்மன் கோயில். பஸ்ஸுக்குள் கேட்பது பெரும்பாலும் தமிழ். கோப்பி செத்த இடத்தில் தேயிலை வந்தது, பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள் இன்னமும் கொழுந்து பறிக்கிறார்கள்.

பொகவந்தலாவையில் புனித மேரி ஆங்கிலிகன் தேவாலயம். பின்னால் மலை. கேமரனின் உடலை வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் இந்த மலைவழியே கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் சார்லஸும் போய்ச்சேர்ந்தார். இருவரும் இங்கே அருகருகே இருக்கிறார்கள். ஃப்ரெஷ்வாட்டரில் இருப்பதுபோல் கண்காட்சியோ கடையோ இங்கே இல்லை.

இலங்கைப் படங்கள் இப்போது அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1878-ல் எடுத்த களுத்துறைக் கிராமத்தார் குழு. முதியவர் ஒருவரும் ஒரு சிறுமியும் அதில் இருக்கிறார்கள். படத்துடன் உள்ள குறிப்பில், சிறுமிக்கு 12 வயது என்றும், முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்று சொல்வதாகவும், தனக்கு 100 வயது என்று அவரே கூறுவதாகவும் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பாத தொனி குறிப்பில் தெரிகிறது. வயது கேட்டிருக்கிறார்கள், உறவு கேட்டிருக்கிறார்கள். பெயர் எழுதப்படவில்லை.